ரோட்டு வரி ரோட்டுக்கே! மலைக்கும் அதில் பங்கு வேண்டும்!

ரோடு போடுவதற்கென்றே இந்த நாட்டில் ஒரு தனி வரி இருக்கிறது. அந்த வரியைக் கொடுக்காத ஏழை ஒருவர் கூட இல்லை.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளி, தன் வண்டிக்குப் பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் இந்த வரியைக் கொடுக்கிறார். கரும்பு ஏற்றி வரும் டிராக்டரும் லாரியும் டீசல் வாங்கும்போது இந்த வரியைக் கொடுக்கின்றன. அந்தச் செலவு விவசாயியின் தலையிலும் கரும்பு வெட்டும் கூலியின் தலையிலும் விழுகிறது. வண்டியே இல்லாத விவசாயத் தொழிலாளிப் பெண், கடையில் உப்பும் புளியும் பருப்பும் வாங்கும்போது, அவை ஏறி வந்த லாரியின் டீசல் மூலமாக இந்த வரியைச் செலுத்துகிறாள். வெள்ளிமலையிலும் அதைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலும் சாமையும் மரவள்ளியும் பயிரிடும் மலையாளிப் பழங்குடி மக்களும் இதற்கு விலக்கல்ல. ஊருக்குள் ரோடே இல்லாதவனும் ரோட்டு வரி கொடுக்கிறான்!

வரி வாங்கியது ரோட்டுக்காக. அப்படியானால் பணம் ரோட்டுக்குப் போக வேண்டும். இதில் தர்க்கத்துக்கு இடமே இல்லை. ஆனால் நடப்பது வேறு. அதைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

வரி பிறந்த கதை

இந்த வரி இன்று நேற்றுப் பிறந்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1927ல், எம்.ஆர். ஜெயகர் தலைமையில் இந்திய ரோடு அபிவிருத்திக் கமிட்டி ஒன்று அமைக்கப்பட்டது. பெட்ரோலுக்கு அதிகப்படி வரி போட்டு, அந்தப் பணத்தைத் தனி நிதியாக வைத்து, ரோடுகளுக்குச் செலவிட வேண்டும் என்று அது யோசனை சொல்லிற்று. அதன்படி 1929 மார்ச் மாதத்தில் ரோட்டு நிதி பிறந்தது. காலனுக்கு இரண்டு அணா அதிகப்படி வரி. கல்கத்தா, பம்பாய் கம்பெனிகளின் சரக்குப் போவதற்கும் பட்டாளம் நகர்வதற்கும் ரோடு தேவைப்பட்டது. அதற்காகத்தான் ஏகாதிபத்தியம் இதைச் செய்தது என்பது உண்மை. இருந்தாலும் 'இந்தப் பணம் இந்த வேலைக்கு' என்ற விதி அன்றே எழுதப்பட்டது.

சுதந்திரம் வந்தது. நிதி தொடர்ந்தது. ஆனால் விலைவாசி ஏறிய வேகத்துக்கு நிதி ஏறவில்லை. 1988ல் பாராளுமன்றம் இந்த வரியை உயர்த்தி ரோட்டு நிதியைப் பெருக்க வேண்டுமென்று தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானத்தைச் சர்க்கார் பத்து வருஷம் அமல் நடத்தவில்லை. 1998ல் பெட்ரோலுக்கும் 1999ல் டீசலுக்கும் லிட்டருக்கு 1 ரூபாய் வீதம் வரி போட்டார்கள். 2000ல் மத்திய ரோட்டு நிதிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்று சட்டமே பங்கு பிரித்தது. டீசலில் வரும் பணத்தில் பாதி கிராம ரோடுகளுக்கு. மீதிப் பாதியையும் பெட்ரோல் வரியையும் சேர்த்து, அதில் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 57.5 சதவீதம், ராஜ்யங்களின் ரோடுகளுக்கு 30 சதவீதம், ரயில்வே மேம்பாலங்களுக்கும் கேட்டுகளுக்கும் 12.5 சதவீதம். வருஷ முடிவில் செலவாகாத பணம் காலாவதியாகாது என்றும் விதி இருந்தது.

பூட்டில் ஓட்டை

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. மக்களிடம் வாங்கிய வரி நேராக ரோட்டு நிதிக்குப் போகாது. முதலில் மத்திய சர்க்காரின் பொதுக் கஜானாவில் விழும். பிறகு பட்ஜெட்டில் ஒதுக்கினால்தான் ரோட்டு நிதிக்கு மாறும். ஒதுக்காவிட்டால்? கஜானாவிலேயே தங்கிவிடும். எதற்குச் செலவானது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஆனால் பணம் பெட்டிக்கு வருவதற்குள் வழியிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றால், பூட்டு எதற்கு?

இது நமது கற்பனையல்ல. சர்க்காரின் கணக்கைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கை அதிகாரியே சொன்னது. 2018-19ம் வருஷத்தில் 35 வகையான செஸ் வரிகளிலும் தீர்வைகளிலும் மக்களிடம் வசூலான தொகை 2,74,592 கோடி ரூபாய். அதில் உரிய தனி நிதிகளுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடி ரூபாய். பாக்கி 1,10,270 கோடி ரூபாய் பொதுக் கஜானாவிலேயே தங்கிவிட்டது. ரோடு-உள்கட்டமைப்பு செஸ்ஸில் மட்டும் 10,157 கோடி ரூபாய் உரிய நிதிக்குப் போகவில்லை என்று தணிக்கை அறிக்கை காட்டிற்று.

10,157 கோடி என்றால் எவ்வளவு? மலைச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு 1 கோடி ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருஷத்தில் தங்கிப்போன இந்தப் பணத்தில் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரோடு போட்டிருக்கலாம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை இரண்டு தடவை போட்டாலும் பாக்கி இருக்கும். கல்வராயன் மலையின் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ரோடு போட அதில் ஒரு சிறு துளி போதும்.

2018ல் நடந்த வித்தை

2018 பட்ஜெட்டில் மோடி சர்க்கார் ஒரு வித்தை செய்தது. அன்று பெட்ரோல் விலை ஒரு காசு கூட ஏறவில்லை, குறையவும் இல்லை. ஆகவே பலர் கவனிக்கவில்லை. ஆனால் உள்ளே கணக்கு மாறிற்று. அடிப்படைக் கலால் வரியில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தார்கள். பழைய ரோட்டு வரி 6 ரூபாயை எடுத்தார்கள். அதற்குப் பதிலாக 8 ரூபாய்க்கு 'ரோடு-உள்கட்டமைப்பு செஸ்' என்று புதிதாகப் போட்டார்கள்.

இதில் சூது எங்கே இருக்கிறது? அடிப்படைக் கலால் வரியில் ராஜ்யங்களுக்குப் பங்கு உண்டு. செஸ்ஸில் பங்கு கிடையாது. அரசியல் சட்டத்தின் 270வது ஷரத்து அப்படிச் சொல்கிறது. ஆகவே ராஜ்யங்களோடு பங்கு போட வேண்டிய 2 ரூபாய், பங்கு போட வேண்டாத 2 ரூபாயாக மாறிவிட்டது. விலைச் சீட்டில் எழுத்து மாறவில்லை. தமிழ்நாட்டின் பையில் இருந்த காசு மட்டும் டில்லியின் பைக்கு மாறிற்று.

அத்தோடு நிற்கவில்லை. ரோட்டு நிதியின் பெயரையே 'மத்திய ரோடு மற்றும் உள்கட்டமைப்பு நிதி' என்று மாற்றினார்கள். ரயில், துறைமுகம், விமான நிலையம், மின்சாரம், தகவல் தொடர்பு என்று பலவும் இந்த நிதியில் பங்கு கேட்கலாம் என்று பட்டியலை நீட்டினார்கள். சட்டமே பிரித்துவைத்திருந்த சதவீதங்களை எடுத்துவிட்டு, நிதி மந்திரி தலைமையிலான ஒரு கமிட்டி தீர்மானிக்கும் என்றார்கள். கிராம ரோட்டுக்குப் பாராளுமன்றம் கொடுத்திருந்த உத்தரவாதம் போயிற்று. வாங்கும்போது ரோட்டின் பெயர். செலவிடும்போது விமான நிலையமும் பட்டியலில் சேரும்!

ஓட்டை வழியாகப் பணம் போவது ஒரு வகை. பெட்டியின் பெயரை மாற்றிவிட்டு, 'சட்டப்படிதான் எடுத்தோம்' என்று சொல்வது இன்னொரு வகை. முதலாவதைத் தணிக்கை அதிகாரி பிடிக்கலாம். இரண்டாவதை மக்கள்தான் பிடிக்க வேண்டும்.

18 ரூபாயும் 57 காசும்

2020 மே மாதம். கொரோனா ஊரடங்கு. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை அதல பாதாளத்துக்கு விழுந்திருந்தது. அந்தப் பலன் மக்களுக்குக் கிடைத்ததா? இல்லை. ரோடு செஸ்ஸை ஒரே தடவையில் லிட்டருக்கு 8 ரூபாய் உயர்த்தி 18 ரூபாயாக்கினார்கள். வேலையிழந்து, கூலியிழந்து, சோற்றுக்குத் திண்டாடிய மக்களிடம் ரோட்டின் பெயரால் வாங்கிய வரி இது.

2021 பிப்ரவரிக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய சர்க்கார் எடுத்த வரி 32 ரூபாய் 90 காசு. அதில் ராஜ்யங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு! அதில் 41 சதவீதம்தான் எல்லா ராஜ்யங்களுக்கும் சேர்த்துப் பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 57 காசு. அந்த 57 காசையும் இருபத்தெட்டு ராஜ்யங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மக்களின் ஆத்திரத்துக்குப் பயந்து செஸ்ஸைக் குறைத்தார்கள். குறைத்தது நல்லதுதான். ஆனால் ஏற்றி வைத்திருந்த காலத்தில் வாங்கிய பணத்துக்கு, இந்த ஊரில் இந்த ரோடு என்று கணக்குக் காட்டியவர் உண்டா? கல்வராயன் மலைமேல் நின்று தேடினாலும் அதற்குப் பதில் கிடைக்காது.

பெட்டியைப் பூட்டினால் மட்டும் போதுமா?

போதாது. இதையும் நாம் பச்சையாகச் சொல்ல வேண்டும். பணம் முழுவதும் ரோட்டுக்கே போனாலும், எந்த ரோட்டுக்கு என்ற கேள்வி இருக்கிறது. இதில்தான் வர்க்கப் பார்வை தேவை.

கள்ளக்குறிச்சி ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26ல் இந்த ஜில்லா உதயமாயிற்று. சேலம்-உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை இதை ஊடுருவிப் போகிறது. சென்னை-திருச்சி நெடுஞ்சாலை உளுந்தூர்ப்பேட்டை வழியாகப் போகிறது. இவற்றில் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. டீசல் வாங்கும்போது ரோட்டு வரி. அந்த ரோட்டில் போகும்போது மறுபடியும் சுங்கம். ஒரே ரோட்டுக்கு இரண்டு தடவை காசு! அப்படி வாங்கியும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் போன்ற ஊர்களின் புறவழிச் சாலைகளைப் பல வருஷங்கள் இருவழியாகவே விட்டுவைத்தார்கள். நான்கு வழியில் பாய்ந்து வந்த வண்டிகள் திடீரென்று இருவழியில் நுழைந்து மோதின. செத்தவர்கள் யார்? மொபெட்டில் போனவர்கள், பஸ்ஸில் போனவர்கள், லாரி டிரைவர்கள்.

இதே ஜில்லாவில்தான் கல்வராயன் மலையும் இருக்கிறது. கோமுகி அணைக்கு மேலே ஏறினால் மலை. 1976 வரை அங்கே சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற ஜாகிர்தார்களின் ராஜ்யம். நாடு 1947ல் சுதந்திரம் அடைந்தது. மலை மக்கள் ஜாகிர்தாருக்கு வரியும் வேலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, மலை அந்தத் திட்டங்களின் வெளியே நின்றது. இன்று மலையில் ரோடு குறைவாக இருப்பதற்குப் பாறையும் பள்ளமும் மட்டும் காரணமல்ல. அந்த முப்பது வருஷ வஞ்சனையும் காரணம்.

பிரதம மந்திரி கிராம ரோட்டுத் திட்டம் 2000 டிசம்பரில் வந்தது. இதற்குப் பணம் வருவதே டீசல் வரியிலிருந்துதான். அதில் ஒரு தலைக்கணக்கு வைத்தார்கள். சமவெளியில் 500 பேர் இருக்கும் ஊருக்கு ரோடு. மலை ராஜ்யங்களிலும், பாலைவனப் பகுதிகளிலும், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தாலே ரோடு. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மலை கூட ஐந்தாவது அட்டவணையில் அறிவிக்கப்படவில்லை. கல்வராயனும் இல்லை, ஜவ்வாதும் இல்லை, பச்சைமலையும் இல்லை. இங்கே நாற்பது வீடு, ஐம்பது வீடு என்று சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குச் சமவெளியின் அளவுகோலை வைத்தால் ரோடு எப்படி வரும்? வரி வாங்கும்போது தலையை எண்ணவில்லை. ரோடு போடும்போது மட்டும் தலையை எண்ணுகிறார்கள்!

வனச் சட்டம் தடுக்கிறது என்ற பல்லவியும் உண்டு. 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை சிபாரிசு செய்தால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ரோடு, பள்ளிக்கூடம், குடிதண்ணீர் போன்ற வசதிகளுக்குக் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. இடதுசாரிகள் பாராளுமன்றத்திலும் வெளியிலும் போராடியதன் பலனாகக் கிடைத்த சட்டம் அது. சட்டம் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்த மனம் இல்லை.

ரோடு இல்லாத ஊரின் விலை

ரோடு என்றால் வெறும் தாரும் ஜல்லியும் அல்ல. ரோடு இல்லாத ஊரில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கி வருகிறார்கள். 108 வண்டி அடிவாரத்தில் நிற்கும், ஊருக்கு ஏறாது. ரோடு இல்லாத ஊரில் கடுக்காய்க்கும் புளிக்கும் சாமைக்கும் வியாபாரி சொன்னதே விலை. சந்தைக்குத் தானே கொண்டுபோக வண்டி இல்லாதவன் பேரம் பேச முடியாது. ரோடு இல்லாத ஊருக்கு வாத்தியார் வருவது அபூர்வம். நர்ஸ் வருவது அதைவிட அபூர்வம். ஆனால் காண்டிராக்டரின் ஆள் மட்டும் தவறாமல் வருவான், கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்கு ஆள் பிடிக்க.

பிழைப்புக்கு வழியடைத்த இடத்தில் சாராயம் புகுகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். அதற்குப் பிறகுதான் நாடு கல்வராயன் மலையைத் திரும்பிப் பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, மலை மக்களுக்கு ரோடு, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வசதிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ராஜ்ய சர்க்காரைக் கேட்டது. முதல் மந்திரியோ மந்திரியோ நேரில் போய்ப் பார்க்கட்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நீதிமன்றம் கேட்டது நல்லது. ஆனால் அறுபது சவம் விழுந்த பிறகுதான் ஒரு மலைக்கு ரோடு உண்டா என்று கேட்க வேண்டுமா?

பஸ் தொழிலாளியின் பணம்

டில்லியை மட்டும் குறை சொல்லிவிட்டு, சென்னையை விட்டுவிடுவது நேர்மையாகாது. தனிப்பட்ட காரியத்துக்கென்று வைத்த பணத்தில் கை வைப்பது இங்கேயும் நடந்திருக்கிறது. அதுவும் சர்க்காரின் பணம் அல்ல, தொழிலாளியின் பணம்.

1972லிருந்து பஸ்கள் பொதுத்துறையாயின. கழகங்கள் வளர்ந்தன. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பஸ் ஓடுவது இந்தப் பொதுத்துறையால்தான். இது நம் மக்களின் பெரிய சொத்து. லாபம் வரும் வழித்தடத்தில் வரும் காசை வைத்து, நஷ்டம் வரும் மலை வழித்தடத்திலும் குக்கிராம வழித்தடத்திலும் பஸ் ஓட்டினார்கள். தனி முதலாளி இதைச் செய்வானா? மாட்டான். ஆனால் அந்த நஷ்டத்தைப் பட்ஜெட்டில் ஈடு செய்ய வேண்டிய சர்க்கார்கள், எந்தக் கட்சியின் சர்க்காராயினும், கையை விரித்தன. டீசல் விலை ஏறிற்று. உதிரிச் சாமான் விலை ஏறிற்று. அந்தக் குழியை எதை வைத்து நிரப்பினார்கள்? தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பிராவிடண்ட் பண்டு, இன்ஷூரன்ஸ் பிரிமியம், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை ஆகியவற்றை உரிய இடத்தில் கட்டாமல் அன்றாடச் செலவுக்கு எடுத்தார்கள் என்று தொழிற்சங்கங்கள் பல வருஷங்களாகக் குற்றம் சாட்டி வருகின்றன. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு ஓய்வு பெற்ற டிரைவர், தன் சொந்தப் பணத்துக்காக ஆபீஸ் படியேறி நிற்க வேண்டிய நிலைமை வந்தது.

2018 ஜனவரி 4 முதல் 11 வரை பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் போராட்டத்தின் சூட்டில்தான் ஓய்வு பெற்றோர் பாக்கிக்காக 750 கோடி ரூபாய் கொடுக்க அன்றைய சர்க்கார் முன்வந்தது. வேலைநிறுத்தம் முடிந்து ஒன்பது நாளில் பஸ் கட்டணத்தைக் கடுமையாக ஏற்றி, தொழிலாளிக்கும் பிரயாணிக்கும் பகை மூட்டப் பார்த்தார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கியதும் கொஞ்சம் குறைத்தார்கள். 2024 ஜனவரி 9ல் மறுபடியும் வேலைநிறுத்தம். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்ஜெட்டில் ஒதுக்கு என்பது முக்கியக் கோரிக்கை. எவ்வளவு நியாயமான கோரிக்கை! சமூக சேவைக்காக ஏற்படும் நஷ்டத்தைச் சமூகம் சுமக்க வேண்டும். டிரைவரின் பென்ஷன் ஏன் சுமக்க வேண்டும்?

மலை மக்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கக் கூடாது. கழகத்தின் கையில் காசில்லை என்றால் முதலில் வெட்டப்படுவது மலைக்குப் போகும் பஸ்தான். 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தது. வரவேற்கத்தக்க காரியம். ஆனால் பஸ்ஸே வராத ஊர்ப் பெண்ணுக்கு இலவசப் பிரயாணம் எந்த ரூபத்தில் கிடைக்கும்? பஸ் தொழிலாளியின் போராட்டமும் மலைவாசியின் ரோட்டுக் கோரிக்கையும் ஒன்றே.

'அவசரத்துக்கு எடுத்தோம்' என்கிறார்கள்

தனி நிதியிலிருந்து பணத்தை எடுக்கிறவர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். 'ஆஸ்பத்திரி வேண்டாமா? பஞ்ச நிவாரணம் வேண்டாமா? எது அவசரமோ அதற்குச் செலவிட்டோம்' என்பார்கள். கேட்பதற்கு நியாயம் போலிருக்கும்.

நமது பதில் இது. ஆஸ்பத்திரி வேண்டும், நிவாரணமும் வேண்டும். அதற்குப் பணம் பெருமுதலாளிகளிடம் வாங்கு. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்குக் குறைத்தது யார்? அதற்குப் பிறகு பெட்ரோல், டீசல் செஸ்ஸை ஏற்றியது யார்? கம்பெனிக்குக் கொடுத்த சலுகையால் கஜானாவில் ஏற்பட்ட பள்ளத்தை, மொபெட் ஓட்டுகிறவனிடம் ரோட்டின் பெயரால் வாங்கி நிரப்பினால், அதற்கு அவசரம் என்று பெயரா?

எடுத்த பணம் எங்கே போகிறது என்பதையும் பார்ப்போம். 2017ல் ரயில் பாதுகாப்புக்கென்று தனி நிதி வைத்தார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு லட்சம் கோடி ரூபாய் என்றார்கள். 2022 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த தணிக்கை அறிக்கை என்ன சொல்லிற்று? அந்தப் பாதுகாப்பு நிதியிலிருந்து கால் பிடித்துவிடும் யந்திரமும், பீங்கான் பாத்திரமும், குளிர்காலச் சட்டையும் வாங்கியிருக்கிறார்கள்! தண்டவாளத்தில் சுத்தியலோடு நடக்கும் காங்மேனுக்கு ஆள் பற்றாக்குறை. ஆபீசரின் காலுக்கு யந்திரம்.

இந்தத் தந்திரம் பழையது. பிரிட்டனில் 1920ல் மோட்டார் வண்டி வரியை வைத்து ரோட்டு நிதி ஏற்படுத்தினார்கள். 1926லும் 1927லும் நிதி மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில் அதில் கை வைத்துத் தன் பட்ஜெட்டின் ஓட்டையை அடைத்தார். 1937லிருந்து வரி நேராகக் கஜானாவுக்கே போயிற்று. கடைசியில் நிதியே மறைந்தது. ஒரு தடவை கை வைத்த நிதி ஒருநாள் இல்லாமலே போகும் என்பதற்கு அது ஒரு பாடம். முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில் கூட, இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் மக்கள் 2016 நவம்பரில் ஓட்டுப் போட்டு, போக்குவரத்துக்கென்று வாங்கும் பணத்தை வேறு காரியத்துக்குத் தொடக் கூடாது என்று தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே பூட்ட முடியாது என்பது பொய். பூட்ட மனமில்லை என்பதே உண்மை.

அருகில் கேரளத்தையும் பாருங்கள். இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2016ல் சட்டம் போட்டு, பெட்ரோல் செஸ்ஸையும் மோட்டார் வண்டி வரியில் ஒரு பங்கையும் உள்கட்டமைப்பு நிதிக்கென்று ஒதுக்கியது. அந்தப் பலத்தில்தான் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் ஜில்லா வரை மலையோர மக்களுக்கான மலைநெடுஞ்சாலை வேலை நடந்தது. அதற்கு மத்திய சர்க்கார் செய்த உதவி என்ன? அந்த நிதியத்தின் கடனை ராஜ்யத்தின் கடனாகக் கணக்கிட்டு நெருக்கடி கொடுத்ததுதான்.

நமது கோரிக்கைகள்

தனி நிதி வேண்டுமா, பொது நிதி வேண்டுமா என்று வித்துவான்கள் விவாதிக்கட்டும். தொழிலாளி வர்க்கத்தின் நிலை சிக்கலற்றது. பெயர் சொல்லி வாங்கினால், பெயர் சொன்ன வேலைக்கே செலவிடு. அப்படிச் செய்ய மாட்டாயா? செஸ் என்ற பெயரை எடுத்துவிட்டுப் பொது வரியாக்கி, ராஜ்யங்களுக்குப் பங்கைக் கொடு. இரண்டும் இல்லாமல், வாங்குவது ரோட்டின் பெயரில், வைத்துக்கொள்வது டில்லியில் என்பதை ஏற்க முடியாது.

ஆகவே நாம் கோருவது:

1. ரோடு செஸ்ஸில் வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் அந்த வருஷத்திலேயே உரிய நிதிக்கு மாற்றப்பட வேண்டும். பழைய பாக்கியும் கொடுபட வேண்டும்.

2. கமிட்டியின் இஷ்டத்துக்கு விடாமல், கிராம ரோடுகளுக்கும் ராஜ்ய ரோடுகளுக்கும் உரிய பங்கைச் சட்டத்திலேயே மறுபடியும் எழுத வேண்டும்.

3. மலைக்கிராமங்களுக்குத் தலைக்கணக்கு வைக்கக் கூடாது. தமிழ்நாட்டின் பழங்குடி மலைகளை ஐந்தாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

4. பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய நிதி அவர்களுக்கே செலவாக வேண்டும் என்று 2024ல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்திருக்கிறது. அதே வருஷம் பழங்குடிக் குடியிருப்புகளுக்காக நான்கு வருஷத்தில் 1,000 கோடி ரூபாய் என்று 'தொல்குடி' திட்டத்தை அறிவித்தார்கள். இவற்றிலிருந்து கல்வராயன் மலைக்கு எவ்வளவு வந்தது, எந்த ஊரில் எந்த ரோடு போடப்பட்டது என்று ஊர்வாரியாகக் கணக்கு எழுதி ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும்.

5. பஸ் தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டும் பென்ஷன் பணமும், கழகம் தொட முடியாதபடி, தொழிலாளர் பிரதிநிதிகள் அடங்கிய டிரஸ்டின் கையில் இருக்க வேண்டும். மலை வழித்தடங்களின் நஷ்டத்தைப் பட்ஜெட்டில் ஈடுசெய்ய வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே! கோரிக்கை எழுதிவைத்தால் தானாக நடந்துவிடாது. ஜாகிர்தார் தானாகவா போனான்?

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளிலும் மலை ஊராட்சிகளில் ரோட்டுத் தீர்மானம் வர வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை கிலோமீட்டர், இடையில் வன நிலம் எவ்வளவு என்று எழுதுங்கள். வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். வெறுமனே 'ரோடு வேண்டும்' என்றால் அதிகாரி கோப்பை மூடிவைப்பான். சட்டத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியே தீர வேண்டும். தீர்மானத்தின் நகலைக் கையில் வாங்காமல் சபையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

சர்க்கரை ஆலைத் தொழிலாளர் சங்கங்களும், பஸ் தொழிலாளர் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இதை மலைவாசிகளின் தனிப்பட்ட பிரச்னை என்று ஒதுக்கக் கூடாது. அடிவாரத்திலும் கரும்பு வண்டி சேற்றில் அச்சு முறிந்து நிற்கிறது. நடவுக்குப் போகும் பெண்கள் சரக்கு வண்டியில் நெருக்கியடித்துப் போய் விபத்தில் சிக்குகிறார்கள். நான்கு சங்கமும் சேர்ந்து ஒரே மனுவாகக் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றால், அதை ஒதுக்கித்தள்ள எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது.

நாம் பிச்சை கேட்கவில்லை. கொடுத்த வரிக்குக் கணக்குக் கேட்கிறோம். ஒவ்வொரு லிட்டரிலும் எடுத்த காசு ரோடாக வெள்ளிமலையைத் தாண்டிக் கடைசிக் குடிசை வரை போய்ச் சேர வேண்டும். அந்த ரோட்டில் பஸ் ஓட வேண்டும். அந்த பஸ்ஸை ஓட்டியவன் ஓய்வு பெறும் நாளில் தன் பணத்தைத் தலைநிமிர்ந்து வாங்க வேண்டும். அதுவரை இந்தக் கிளர்ச்சி ஓயாது.